பெயர் மட்டும் எழுதிய கடிதம்

பிறருக்காகக் கடிதம் எழுதிப் பிழைப்பவனுக்குப் பயம், கடிதம் தபால்பெட்டியில் விழுந்த பிறகுதான் தொடங்கும். பதிலுக்காகத் தபால்காரரின் முகத்தைப் பார்த்து நின்றிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பழைய பத்திரிகைகளைப் பார்த்து நானாகவே எழுதக் கற்றவன். எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைத் தபாலாபீஸ் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்படித் தொடங்குவது?

பொன்னுசாமி, தென்னந்தோப்பு வீட்டின் ஒரே பிள்ளை. அவனைப் பெற்றவள் வேறொருத்தி என்று அப்பா சாகும்போதுதான் சொன்னார். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் முத்துமாரியிடமிருந்து பால்குடிப் பிள்ளையாக வாங்கி வந்து வளர்த்திருக்கிறார்கள். "ஒருக்கா பாத்தாப் போதுமுங்க" என்று எழுதச் சொன்னான்.

'அன்புள்ள அம்மா' என்று நான் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பேரு மட்டும் போடுங்கண்ணா. அம்மான்னு கூப்புடறதுக்கு அவங்க சம்மதிக்கோணுமில்லீங்களா?"

பை போன பிறகு

கடிதத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். எஸ்டேட்டுக்கு லாரி ஓட்டும் ஒருவர் அங்கே பேசிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வரும் கடிதங்களைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் களத்திலேயே கிளார்க் உரக்க வாசித்துவிடுவாராம்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். 'நீங்கள் பெற்ற மகன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அவள் புருஷனுக்குத் தெரியாதிருந்தால்? ஒரு குடும்பம் என் பேனாவால் கெட்டுப்போகுமே! தபாலாபீசுக்கு ஓடினேன். போஸ்ட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தபால் பை வண்டியேறிப் போயிருச்சுங்க. ஓடறப்ப வர்ற யோசனை எழுதறப்ப வந்திருக்கோணும்."

வந்த பதில்

பொன்னுசாமி தினமும் வந்து நின்றான். என் மனைவி அப்போது உயிரோடில்லை; வீட்டில் என் பயத்தைச் சொல்லவும் ஆளில்லை. ஒருவழியாகப் பதில் வந்தது. முத்துமாரி சொன்னதைச் சொன்னபடியே கிளார்க் எழுதியிருந்தார். கடிதம் வாசித்தபோது புருஷனும் பக்கத்தில்தான் நின்றாராம். பிள்ளையைக் கொடுத்தது அவருக்கும் தெரிந்ததுதானாம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த வரியை வாசித்ததும் பொன்னுசாமியின் முகம் வெளுத்துவிட்டது.

"பேரை மட்டும் போட்டு எழுதியிருக்கீக. அம்மான்னு ஒரு சொல்லு இல்ல. அம்புட்டுக் கோவத்துக்கு முன்னால நான் வந்து நிக்க மாட்டேன்."

ராமாத்தாள் வந்தாள்

மறுநாள் வந்தது அவனை வளர்த்த தாய் ராமாத்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று பேனாவை மூடி வைத்தேன். அவளோ எதிரே உட்கார்ந்து, பொன்னுசாமியின் மகளுக்குக் காதுகுத்து, அதற்கு முத்துமாரியை அழைத்து எழுதச் சொன்னாள். "'உன்ற பேத்திக்கு'ன்னே போடுங்க தம்பி. பையன் சோறு திங்காம மெலிஞ்சு போறான்."

முதல் வரியில் அம்மா என்று அவன் சார்பில் எழுதலாமா, உங்களுக்கு மனசு சங்கடப்படாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ரெண்டு பேரையும் கூப்புடட்டுமுங்க. வாயென்ன தேஞ்சா போயிரும்?"

பஸ் நிறுத்தம்

காதுகுத்துக்கு முந்தின நாள், பேச்சு வராவிட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பொன்னுசாமி முத்துமாரியை எதிர்கொள்ள என்னையும் பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். வந்த பஸ்களில் அவள் இல்லை. அவன் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே நின்றான். சாயங்கால பஸ்ஸில், விரல்களில் கொழுந்துக் கறையோடு ஒரு பெண் இறங்கினாள். மகனுடைய அதே நெற்றி. இருவரும் பார்த்தபடி நின்றார்கள். பேனா செருகிய சட்டைப்பையோடு நின்ற நான் தொண்டையைச் செருமி, "அம்மா, இவர்தான்..." என்று ஆரம்பித்தேன். அவள் அவனை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"எழுத்துக்கார அய்யா, நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போயி நிக்கியளா? இனி நாங்களே பேசிக்கிடுதோம்."

இத்தனை வருஷத் தொழிலில் என்னை வேலையை விட்டு நீக்கியவர் அந்த அம்மாள் ஒருவர்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.