சகாயம் சாரின் நாற்பது நொடிகள்

"டீச்சர், அவுக கண்ணு முழிக்க மாட்டேங்குறாக. செத்த வாங்களேன்" என்று சகாயம் சாரின் மனைவி செல்வி அக்கா போனில் சொன்னபோது நான் மதிய வகுப்பில் இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் சார் போய்விட்டார். அந்த நேரத்திலும் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், அன்று காலை நான் போட்ட அவருடைய காணொளிக்குக் கைதட்டல்கள் வந்துகொண்டிருந்தன.

திண்டுக்கல் பேருந்து நிலையம் பக்கத்தில் நம் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் ஆறு வருடம் அவரும் நானும் அடுத்தடுத்த அறை. சுவர் என்று பேர்தான், வெறும் பலகைத் தடுப்பு. மில் தொழிலாளிகளும் ஆயக்குடி கொய்யா வியாபாரிகளும் "ஐ ஒர்க், யூ ஒர்க், ஹி ஒர்க்ஸ்" என்று ஆறு வரியையும் சொல்லிப் போடும் சத்தத்தில் என் வகுப்பு நடக்காது. சண்டைக்குப் போனால், "கத்துனாத்தான் டீச்சர் கூச்சம் போகும். நீங்களும் சேந்து கத்துங்க" என்பார். அத்தோடு என் கோபம் தீர்ந்துவிடும்.

வடமதுரையிலிருந்து வந்த பூக்காரம்மா முதல் நாள் வாய் திறக்க முடியாமல் அழுதுவிட்டார். சார் அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து, "தப்பாவே சொல்லுங்கம்மா, வாயை மட்டும் மூடிறாதீக" என்று கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்.

சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சும் போனது. அக்காவின் பெயர்கூட வரவில்லை. ஒருநாள் நான் சும்மா "ஐ ஒர்க்" என்றதும், மீதி ஐந்து வரியும் மடமடவென்று வந்தன. மனப்பாடமானது மட்டும் சிலருக்கு அழியாமல் தங்கிவிடும் என்றார் மருத்துவர். அக்கா ஓடிவந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "செல்வின்னு சொல்லுங்க, ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சினார். சார் அவரையே பார்த்து "ஐ ஒர்க்" என்றார்.

அதன்பின் தண்ணீர், வலி, கோபம் எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஆறு வரிதான். குரலை வைத்தே எது வேண்டுமென்று அக்கா கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அது பிடிபடவில்லை. தேறிவருகிறார் என்று நம்பினேன். நம்பாமல் இருக்கத் தெம்பில்லை.

கடைசி நாள் காலை நான் அவர் வீட்டுக்குப் போனபோது அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். என்னைக் கண்டதும் சார் வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். திரும்பத் திரும்பச் சொன்னார். சந்தோஷத்தில் போனை எடுத்துப் பிடித்தேன். "சூப்பர் சார், இன்னொரு தடவ!" சொன்னார். "இங்க பாருங்க சார், நம்ம ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் பாப்பாக." அதற்கும் சொன்னார். நாற்பது நொடி எடுத்ததைக் குழுவில் போட்டேன். திரும்பி வந்த அக்காவிடம் வாசலிலேயே, "இன்னிக்கு அம்புட்டு நல்லாப் பேசுறாருக்கா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

அந்தக் காணொளியை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். நெற்றியெல்லாம் வியர்வை. இடது கை என் சேலையைப் பிடித்து இழுக்கிறது. படம் ஆடுவது அதனால்தான். ஐயோ, நான் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

கைதட்டிய உங்கள் மேல் தப்பில்லை. பக்கத்தில் இருந்தது நான். குழுவிலிருந்து அதை எடுத்துவிட்டேன். செல்வி அக்கா தினமும் கேட்கிறார்: "அவுக குரலு அதுலதான டீச்சர் இருக்கு?" சாரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பதும் அந்த நாற்பது நொடிதான். அதில் அவர் என்ன கேட்கிறார் என்று அக்காவுக்கு உடனே புரிந்துவிடும். சொல்லுங்கள், நான் அதை எப்படிக் கொடுப்பேன்?