ஓவன் எரிந்த பௌர்ணமி

என் கணவரின் அண்ணனை நான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது உண்மை. அவர் வாளியோடு கூடத்தில் மல்லாந்து விழுந்ததும் உண்மை. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் தள்ளினேன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

அன்று பௌர்ணமி. மாலை நான்கு மணிக்கே கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் அவருடைய அண்ணனும் அண்ணியும் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே, செங்கம் ரோட்டு கஃபே ஒன்றுக்காகக் கேழ்வரகு பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் விரித்திருந்த பட்டர் பேப்பர் சுருண்டு மேல் கம்பியைத் தொட்டிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குப்பென்று தீ.

ஓவன் வாங்கிய அன்று அதனுடன் வந்த சின்னப் புத்தகத்தை வரி விடாமல் படித்தவள் நான். "பரீட்சையா எழுதப் போற?" என்று வீடே சிரித்தது. உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதே, கரண்டை நிறுத்து, தண்ணீர் ஊற்றாதே என்று அதில் போட்டிருந்தது. காற்று போகாவிட்டால் தீ தானாக அடங்கிவிடுமாம். கதவைத் திறக்கவில்லை. பக்கத்து கேஸ் அடுப்பின் சிலிண்டரை மூடினேன். பக்கத்திலிருந்த எண்ணெய் கேனையும் துணியையும் அப்பால் எடுத்து வைத்தேன். ஸ்விட்ச் ஓவனுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அந்தச் சூட்டில் கையை நீட்ட முடியவில்லை. கூடத்திலிருக்கும் மெயினை நிறுத்தலாம் என்று திரும்பினேன்.

அதற்குள் ஜன்னல் வழியே புகை தெருவுக்குப் போய்விட்டது. உள்ளே ஏதோ யாகம் நடக்கிறது என்று ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். மற்றவர்கள் விவரமானவர்கள், கையிலிருந்த பாட்டில்களோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் கணவரின் அண்ணன், வெறுங்காலோடு, நிறைந்த வாளியோடு.

"ஊத்தாதீங்க மாமா, கரண்டு இருக்கு!" என்றேன்.

"நவுரு! வூடே எரியுது!"

என்னை இடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஒரு காலை வைத்தார். வாளி உயர்ந்தது. அவர் எதிரில் நான் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். தண்ணீர் முழுவதும் அவர்மேலேயே கொட்டியது.

"அக்கா, மெயின ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். அவர் மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மெயினுக்கு முன்னால் அடுக்கியிருந்த பாட்டில் பெட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டு நிறுத்தினார். ஃபேன் நின்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. அடுப்பங்கரை வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீ கண்ணாடியைத் தாண்டி வந்தால் எல்லோரையும் தெருவுக்கு விரட்டிவிட்டுத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "நெருப்ப வேடிக்கை பாக்கறாளே, பாவி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் பயம்தான். ஆனால் நகரவில்லை. தீ கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அணைந்தது. ஓவன் நன்றாக ஆறும் வரை யாரையும் கதவைத் தொட விடவில்லை.

மறுநாள் காலை வீட்டில் பஞ்சாயத்து. "அத்தினி பேர் எதிர்ல அவன் மானம் போச்சு. கால்ல வுழுந்து மன்னிப்பு கேளு" என்றார் மாமியார்.

"நான் தள்ளாம வுட்டிருந்தா, இந்நேரம் நீங்க அவரு கால்ல வுழுந்து அழுதுட்டு இருந்திருப்பீங்க அத்தை. நான் வுழ மாட்டேன்" என்றேன்.

வேறு ஓவன் வாங்கிவிட்டேன். ஸ்விட்ச்சை எட்டத்தில், கைக்குச் சுலபமாக மாற்றி வைத்தேன். மெயினுக்கு முன்னால் பெட்டி அடுக்க இப்போது வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

கணவரின் அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான் போட்ட காப்பியைத் தொடுவதும் இல்லை. ஆனால் தினமும் விடிந்ததும் பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று பால்காரரிடம் அவர் தொண்டை கிழியச் சண்டை போடுவது அடுப்பங்கரை வரை கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரை நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.