ஐந்நூறு ரூபாய் வாடகை போகும் வீடு

வீட்டு வரி எப்படிப் போடுகிறார்கள் என்பது மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதை வைத்துத்தான் வரி. ஓலை என்றால் குறைவு, ஓடு என்றால் கொஞ்சம் கூட, தளம் போட்டுவிட்டால் இன்னும் கூட. நாம் வாடகைக்கு விடப்போவதே இல்லை என்றாலும் கணக்கு அதுதான்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை, பாதி கடன். வரியைத் திருத்த நகராட்சி ஆள் வருவார் என்று தெரிந்ததும் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் ஒத்திகை பார்த்தார்: தண்ணீர் உப்பு, மழை வந்தால் தெரு சேறு, இருநூறுக்கு மேல் ஒருவனும் தரமாட்டான்.

ஆள் வந்த அன்றுதான் ஆவடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் சர்ச் பங்குச் சாமியார் சொல்லி வந்த சம்பந்தம். தளம் போட்டதே இப்படி வருகிறவர்களுக்காகத்தான். நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். பில் கலெக்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"வாடகைக்கு உட்டா இன்னா சார் போவும்?"

அப்பா மாப்பிள்ளையின் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "ஐநூறு தாராளமா போவும்."

பில் கலெக்டர் நல்ல மனிதர். "ரோசனை பண்ணி சொல்லு சார். இந்தத் தெருவுல ஏது அவ்ளோ?"

"ஏன், தண்ணி எளனி மாதிரி கீது. மேல இன்னொரு போர்ஷன் எடுக்கப்போறேன், அதையும் எழுதிக்கோ."

அடுக்களையில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆவடியின் பதில் முதலில் வந்தது: பெண் நிறம் கம்மி. வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையாம். பின்னாலேயே வரி நோட்டீஸ், பழையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மதிப்பீடு சரியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் போட்டிருந்தது. எனக்கு அந்த வசதி கிடையாது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்காவது செய்வோம் என்று உப்புத் தண்ணீர், சேறு, இருநூறு எல்லாம் வைத்து மனுவை நானே எழுதி, கையெழுத்துக்கு அப்பாவிடம் நீட்டினேன்.

படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"வாணாம்மா. ஞாயித்துக்கெழம பூந்தமல்லிலேர்ந்து ஒன்ன பாக்க வராங்க. ஊட்டுக்கு மதிப்பு இல்லன்னு நானே எழுதிக் குட்தது அவங்க காதுல உழுந்தா?"

மனுவை நானே கிழித்துப் போட்டேன். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும் அப்பா அந்த ஐந்நூறு ரூபாய் வீட்டுக்குத்தான் வரி கட்டிக்கொண்டிருந்தார்.