நாத்தனார் பார்க்கக் கூடாத பேறு

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டு நெல் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மூத்த மருமகள் நான். எல்லாரும் என் சொல் கேட்பார்கள், அந்த அறையில் எலி பிடித்த சாம்பல் பூனையைத் தவிர. அது என் வீட்டுக்காரரின் தங்கை பின்னாலேயே திரியும். அவள் இருபது வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். பேச்சுத்துணைக்கு அவளுக்கு அந்தப் பூனைதான். நான் அவளோடு பேசமாட்டேன், வேலை சொல்வேன்.

பூனை சினையானதும் அவள் நாளை எண்ணத் தொடங்கினாள். தினமும் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். காம்பு சிவந்துவிட்டது, குட்டி அசைகிறது, இன்றைக்குத் தீனி எடுக்கவில்லை என்று தானாகச் சொல்லிக்கொள்வாள்.

"தடவிப் பாக்க ஒனக்குப் பூனை வயிறாச்சும் கெடச்சுச்சே" என்றேன் ஒருநாள். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது இனித்தது.

இரண்டு மாதம் கழிந்து ஒரு விடியற்காலையில் பூனை முக்கத் தொடங்கியது. பேறு நடக்கும் இடத்தில் தாலியறுத்தவள் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெண்ணுக்கும் பசுவுக்கும் அப்படித்தான். பூனைக்கும் உண்டென்று யாரும் சொன்னதில்லை, நான் சொன்னேன். அவளை வெளியே தள்ளி நெல் அறைக் கதவைச் சாத்திவிட்டு நானே உள்ளே உட்கார்ந்தேன். பூனையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

"மதினி, குட்டி தல தெரியுதா?" வெளியிலிருந்து கேட்டாள்.

"தெரியல."

"தண்ணி பட்டுச்சா? என்ன நெறம்?"

"பச்சையா இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"ஐயோ, போன ஈத்துல மொதக் குட்டி விழுந்த பெறகுதான் பச்சை பட்டுச்சு. வண்டியப் பூட்டச் சொல்லுங்க மதினி. பாளையத்து மாட்டாஸ்பத்திரியில டாக்டர் இருப்பாக."

"பூனையத் தூக்கிக்கிட்டு வண்டியில போனா ஊரு சிரிக்காதா? நான் மூணு பெத்தேன், எந்த டாக்டரு வந்தாக? போத்தா அங்கிட்டு!"

உச்சிவேளை வரைக்கும் அது முக்கிக்கொண்டே இருந்தது. பிறகு முக்கவும் இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கதவைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கிப்போனது. சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர்தான் கதவைத் திறக்கச் சொல்லி, வண்டியைப் பூட்டி, பூனையோடு எங்கள் இருவரையும் ஏற்றினார்.

"எப்ப முக்க ஆரம்பிச்சுச்சு? தண்ணி எப்பப் பட்டுச்சு?" என்றார் டாக்டர். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குட்டி குறுக்க கெடக்கு. காலையிலயே கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருப்பேன். இம்புட்டு தெரிஞ்ச பிள்ள, ஏம்மா இந்நேரம் வரைக்கும் வச்சிருந்த?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பூனையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். மேசைமேலேயே பூனை அடங்கிவிட்டது.

வீட்டு வாசலில் மாமியார், "என்னாச்சு?" என்றார். நான் முந்திக்கொண்டேன்.

"கதவு இடுக்கு வழியா இவ பாத்துட்டா அத்தை. அதான் போயிருச்சு."

அந்தக் கதவில் இடுக்கே கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். இருந்தும் நம்பினார்கள். வண்டியோட்டி வந்த என் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அடுத்த மாதம் பசு கன்று போட நின்றது. யாரும் சொல்லாமலே அவள் எழுந்து உள்ளறைக்குள் போனாள்.

"மதினி, வெளியே தாழப் போட்டுக்கிருங்க" என்றாள்.

போட்டேன்.