கை தூக்காமல் வென்ற பள்ளிக்கூடம்

கல்வீடு கட்டினேன். கடல் வந்து என் மீன் வாடியைக் கொண்டுபோன பிறகு அதே இடத்தில் அதைவிடப் பெரிய வாடி கட்டினேன். மாரியில் ஊருக்குள் வெள்ளம் நிற்காமல் ஓட வாய்க்கால் வெட்டுவித்தேன். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை போட்டபோது, கரையில் இருந்தபடியே கருவாட்டு வியாபாரம் தொடங்கி, புல்மோட்டை வரைக்கும் கொண்டுபோய் விற்றேன். இதெல்லாம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. ஆனால் நான் கட்டினதில் பெரியது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மாடிக் கட்டடம். கல் வைத்தது கிண்ணியா மேசன்மார்தான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் கட்டினது நான். எப்படி என்று கேளுங்கோ.

திருகோணமலை டவுனுக்கு வடக்கே, கடலை ஒட்டின ஊர் எங்களது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் இருந்தது. ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். பஸ் வந்தால் படிப்பு, வராவிட்டால் வீடு. பொம்பிளைப் பிள்ளை என்றால் கொஞ்ச நாளில் போக வேண்டாம் என்று வீட்டில் மறித்துவிடுவார்கள். என் மகள் அப்படித்தான் நின்றாள். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளுடைய பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வருசம், மகள் போனில் கேட்டாள்.

"அப்பா, இவளும் என்னைப்போல நிப்பாளோ?"

"நிக்க விடமாட்டன்" என்று சொல்லிப்போட்டேன். என்ன செய்வது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

காணி இருந்தால் கட்டடம் தருவோம், பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரச் சோதனை வரைக்கும் வகுப்பு வைப்போம் என்று கல்விக் கந்தோரில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பொதுக்காணி கிடந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று ஊர்ச் சங்கம் முடிவெடுக்க வேண்டும். சங்கத் தலைவர், கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி. அவருக்கு அந்தக் காணியில் ஐஸ் பக்டரி போட ஆசை.

கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. சம்மாட்டி கை தூக்கினால் எல்லோரும் கயிற்றை இழுக்க வேண்டும், ஏன் எதற்கு என்ற கேள்வி இல்லை. கடலில் அது சரி. எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கூட்டத்துக்கும் ஏறி வந்துவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். "ஐஸ் பக்டரிக்கு விருப்பமான ஆக்கள்?" என்று சம்மாட்டி கையைத் தூக்கினார். இழுவைக்காரர், அவர்களின் பெண்சாதிமார், எல்லார் கையும் மேலே போகத் தொடங்கியது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், என் மருமகனின் கையும் மேலே! என் பேத்தியின் சொந்தத் தகப்பன்!

"டேய், என்ன இது?"

"கை தன்ர பாட்டில மேல போயிட்டுது, மாமா."

எழும்பினேன். "எல்லாரும் கையை இறக்குங்கோ!" என்று கத்தினேன். "பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப இதே மண்டபத்தில மறைப்பு வைச்சுத்தானே வோட்டுப் போடுறம்? எங்கட பிள்ளையளின்ட காரியத்துக்கு மட்டும் ஏன் எல்லாரும் பார்க்கக் கை தூக்க வேணும்?"

சம்மாட்டி சிரித்தார். "மூண்டாம் வகுப்புச் சட்டத்தரணி எழும்பிட்டார்! பேனை பிடிக்கத் தெரியாத சனமும் இருக்குது. எப்பிடியப்பா மறைவாப் போடுறது?"

"பேனை ஏன் அண்ணை? சிப்பி காணும்."

அந்த யோசனை அந்த நிமிசம் என் தலையில் வந்தது, வேறு யாரும் சொல்லித் தரவில்லை. கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு மண்பானை. ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் படம், மற்றதில் ஐஸ் பக்டரிக்கு மீன் படம். பள்ளிக்கூட அதிபர் அம்மா சோக்கால் கீறித் தந்தா. ஆளுக்கு ஒரு சிப்பி. கருவாடு போடுகிற அக்கா ஒருவர் மட்டும் எழும்பி, "சிப்பி விழுற சத்தம் எந்தப் பானை எண்டு காட்டிக் குடுக்குமே!" என்றா. கடற்கரைக்கு ஆள் அனுப்பி, பழைய வலைத் துண்டு எடுப்பித்து, இரண்டு பானைக்குள்ளும் அடியில் பரப்பினேன். இனி எவன் காதுக்குக் கேட்கும்?

"போடுங்கோ, போடுங்கோ. எப்பிடிப் போட்டாலும் என்ட சனம்தானே" என்றார் சம்மாட்டி.

எங்கள் நாட்டில் ஏழை எளியவனுக்கும் வாக்கு முதலில் வந்தது. இலவசப் படிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வாக்குக் கேட்டு எங்கள் முற்றத்தில் வந்து நிற்கப் பழகின பிறகுதான் இந்தச் சனத்தின் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று பெரிய ஆக்களுக்கு நினைவு வந்தது என்று என் அப்பா சொல்வார். படித்தவர்கள் இதைத் தடித்த புத்தகமாக எழுதட்டும். நான் அன்றைக்கு அந்த மண்டபத்தில் கண்ணால் பார்த்தேன்.

பானைகளைப் பாயில் கவிழ்த்தோம். மீன் பானையில் இருந்து விழுந்தது ஒரு கைப்பிடிகூட வராது. புத்தகப் பானைச் சிப்பி பாயை விட்டு வழிந்து ஓடியது. பொம்பிளைகள் குரவை போட்டார்கள், கலியாண வீடு மாதிரி. மருமகன் எதில் போட்டான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அது மறைவான வாக்கா?

வெளியே வந்து சம்மாட்டி சொன்னார்: "என்னட்ட வந்து கேட்டிருந்தா நானே விட்டுத் தந்திருப்பனே."

"தந்திருந்தா அது உங்கட பள்ளிக்கூடம், அண்ணை. இப்ப எங்கட பள்ளிக்கூடம்."

அடுத்த வருசம் ஓலைக் கொட்டிலில் ஆறாம் வகுப்புத் தொடங்கியது. பேத்தி வகுப்பு ஏற ஏற, பள்ளிக்கூடமும் அவளோடு ஏறியது. இந்த வருசம் சாதாரண தரம் எழுதினாள். சோதனை மண்டபம் டவுனில் இல்லை, எங்கள் புது மாடியில். மகள் குவைத்தில் இருந்து போனில் பார்த்து அழுதாள். நான் அழவில்லை, வென்றவன் ஏன் அழ வேண்டும்?

ஆனால் திறப்பு விழாவில் திரை விலக்கின கல்லைப் பார்த்தேன். பெரிய ஆக்களின் பெயர்கள். அதற்குக் கீழே, "காணி உதவியவர்" என்று சம்மாட்டியின் பெயர்! பேத்திதான் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். காணி தந்தது ஊர். ஊரின் கையை இறக்கி, சிப்பியைக் கொடுத்தது நான். நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள், ஒரு சம்மாட்டியின் தயவில்தான் படிக்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய பெயரைக் கொத்தி எடுக்கச் சொல்லவில்லை, கிடக்கட்டும். ஆனால் கல்லில் இடமில்லை என்று கந்தோர் ஐயாமார் எனக்குக் கதை சொல்ல வேண்டாம். கல்லின் கரையில் நல்ல இடம் கிடக்கிறது, நான் முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் ஊரின் பெயரைப் போடுங்கோ. அடுத்ததாக என்ட பெயர், தகப்பன் பெயரோடு, முழுதாக.