பத்து நாள் பேச்சில்லாத சப்வூஃபர் கடை

தெருவில் அவரைக் கதவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரக் கதவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. காரில் பாட்டைச் சத்தமாக வைத்தால் கதவுக்குள் ஏதோ ஒன்று கூடவே கடகடக்கும் இல்லையா, அதன் வாயை அடைப்பதுதான் அவர் பிழைப்பு. உள்பக்க அட்டையைக் கழற்றி, தகரத்தில் கனமான ரப்பர் ஷீட் ஒட்டி, ஒயர்களைத் துணி டேப்பால் சுற்றி மூடுவார். பிறகு பாட்டைப் போட்டு, உள்ளங்கையைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பதினைந்து வருஷமாக இதே வேலை என்றால் புத்தி வேறு எங்கே போகும்? பஸ்ஸில் ஏறினாலும் ஆடுகிற ஜன்னல் கண்ணாடியை இறங்கும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் போவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பது அவருக்கு உறைப்பதே இல்லை.

அவருடைய கார் ஆடியோ கடையில் உடன் வேலை செய்வது அவர் மனைவியின் தம்பி. டிக்கியில் சப்வூஃபர் பெட்டி, அதாவது இடி மாதிரி அதிரும் ஸ்பீக்கர், வைப்பது அவன் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு முன் அவசரத்துக்கு ஒரு கதவு அட்டையை மாட்டியவன், உடைந்த கிளிப்பையே திரும்பப் போட்டுவிட்டான். மூன்றே நாளில் கார் கடகடத்துக்கொண்டு திரும்பி வந்தது. கதவுக்காரர் வண்டிக்காரர் எதிரிலேயே மச்சினனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டார்.

"அப்ப நான் சிக்னல் பக்கத்துக் கடைக்கே போறேன். ஒன்னாந்தேதியிலேருந்து வரச் சொல்றாங்க," என்றான் அவன்.

போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மூத்தவர் என்ற வீம்பில் விழுங்கிவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்று பத்து நாள் ஆகிவிட்டது. இப்போது ஒன்றாந்தேதிக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

பேசாமல் எப்படி வேலை நடக்கும்? இவர் மனைவிக்குப் போன் போட்டு, "உன் தம்பிய ஸ்குரூ டிரைவரைத் தரச் சொல்லு," என்பார். நாலடி தள்ளி அவன் போன் அடிக்கும். "என்னை என்ன போஸ்ட் ஆபீஸ்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?" என்று மூன்றாம் நாளே அவள் போனை அணைத்து வைத்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் பல் டாக்டர் அம்மாவின் கார் வந்தது. நாள் முழுக்கப் பல்லைக் குடையும் மெஷின் சத்தம் கேட்டுக் காது புளித்துப்போனவர். வீட்டுக்குப் போகும் வழியிலாவது நெஞ்சில் இடிக்கிற மாதிரி பாட்டு வேண்டுமாம். இரண்டு சப்வூஃபர், சாயங்காலத்துக்குள் வேண்டும். இடது பெட்டிக்கு இவர் ஒயர் கொடுத்தார், வலதுக்கு அவன். பாட்டைப் போட்டால் கொசு முனகியது.

இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. ஏதோ ஒரு பெட்டியில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. ஒன்று காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்து, இடியைத் தின்றுவிடுகிறது. ஒரே ஒரு பெட்டியைத் திருப்பினால் போதும். "உன்னுதா, என்னுதா?" என்று கேட்டால் ஒரு நிமிஷ வேலை. யார் கேட்பது?

மச்சினன் டீ குடிக்கப் போனான். கதவுக்காரர் டிக்கிக்குள் தலையை விட்டார். தப்பு என் தலையிலேயே விழட்டும், பையன் போகாமல் இருந்தால் சரி என்று தன் பெட்டியின் ஒயர்களை மாற்றி மாட்டினார். மனசு லேசாகிவிட்டது. கை கழுவிவிட்டு வந்தார். மச்சினன் டீ குடித்துத் திரும்பியிருந்தான். பாட்டைப் போட்டார். அதே கொசு.

"நான்தான் மாத்திட்டேனே," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "நானும் என் பெட்டிய மாத்தினேன் மாமா, நீங்க கை கழுவப் போனப்ப. தப்பு என்மேலயே இருக்கட்டும்னு."

இரண்டையும் திருப்பினால் எதையும் திருப்பாத மாதிரிதானே. கதவுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்ப போறியா?" என்று சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"நீங்க போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதான் அவங்ககிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

வீம்பாவது மண்ணாவது. "போகாதடா. ஆள் முன்னாடி அப்படிப் பேசினது என் தப்பு. நீ இல்லாத கடையில எனக்கு நிக்கவே பிடிக்காது."

மச்சினன் தன் பெட்டியின் ஒயரை மட்டும் மறுபடி மாற்றி மாட்டினான். பிறகு சிக்னல் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நான் வரல. எங்க மாமாவுக்கு பிளஸ் எது, மைனஸ் எதுன்னே தெரியல. தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

கதவுக்காரர் போன் பக்கம் குனிந்து, "ஆமாங்க, தெரியல," என்றார்.