கதையே இல்லாத வீடு

எல்லைக்கோடு எங்கள் வீட்டுக்கும் கடலைக் கொல்லைக்கும் நடுவே விழாமல் காத்தவன் நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆந்திரா தனியாகி, வீட்டில் பேசும் பாஷையை வைத்து எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த சமயம். எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவின் ஓரம். யாராவது நோட்டும் கையுமாக நடந்தாலே சந்தேகம்.

"எவன் கேட்டாலும் வூட்ல இன்னா பேசறோம்னு வாய தொறக்காத. ஆளுக்கொண்ணு எய்திக்கினு போவானுங்க, நடுவுல நம்ம கொல்லை பூடும்" என்று நைனா சொல்லிவைத்திருந்தார்.

அப்போதுதான் ஏழாம் வகுப்புக்குத் திருப்பதியிலிருந்து புது இங்கிலீஷ் சார் வந்தார். பாடமாக வைத்திருந்த நாவலில் இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, வீட்டில் கேட்ட கதையை ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார். அதை இங்கிலீஷில் எழுதப்போகிறோமாம். கையில் நோட்டு. எனக்கா தெரியாது? எந்த வீட்டில் என்ன பாஷை என்று துப்பறிய வந்த ஆள். விவரமில்லாத பையன்கள் நரிக்கதை, பேய்க்கதை என்று உளறிக்கொட்டினார்கள்.

என் முறை வந்தது. "எங்க வூட்ல கதை இல்ல சார்."

"ஏமிரா, அம்மாகூட சொல்லமாட்டாங்களா?"

"மாட்டாங்க சார். துன்னுவோம், தூங்கிடுவோம்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதினார்.

மறுநாளே கண்காணிப்பு ஆரம்பம். நாவலை என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தார். மணி அடித்த பிறகும் என்னை நிறுத்திவைத்து ஒரு கதை. ஒருநாள் தமிழில், ஒருநாள் தெலுங்கில். எதற்குச் சிரிக்கிறேன் என்று பார்க்கிறாராம். நான் எதற்கும் சிரிக்கவில்லை. அம்மா சொல்லும் மாமியார் கதையில் மாமியார் கடைசிவரை கிணற்றுக்குள்தான் கிடப்பாள். அதே கதையைச் சொன்ன சார் அவளை மேலே தூக்கி மருமகளோடு சமாதானம் செய்துவைத்தார். திருத்தத் துடித்த நாக்கைக் கடித்ததில் ரத்தமே வந்தது.

எல்லை முடிவானது. வீடும் கொல்லையும் ஒரே பக்கம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சார் மாற்றலாகிப் போகும்போது அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "முப்பது கதை இருக்குது. நீயே வெச்சுக்கோ."

என் பெயர் இருந்த பக்கத்தைத் தேடிப் பிரித்தேன். இங்கிலீஷில் இரண்டே வரி: இவனுக்கு வீட்டில் கதை சொல்ல ஆளில்லை. தினம் ஒன்று சொல்ல வேண்டும்.

தினம் ஒன்று! வேவு பார்த்ததற்கு அத்தாட்சியே கிடைத்துவிட்டது. யார் கண்ணிலும் படுவதற்குள் அடுப்பில் திணித்தேன். முப்பது கதையும் திகுதிகுவென்று எரிந்தன. குழம்பைக் கிளறிக்கொண்டே அம்மா, வழக்கம்போல, மாமியாரைக் கிணற்றில் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.